லெக்டின் வெச்சு பாக்டீரியாவ அடையாளம் பார்க்கறது: லேப்ல முதல் தடவை பண்றவங்களுக்கு

ப்ளட் பேங்க்ல வேலை பார்த்தவங்களுக்கு ஆன்டி-ஏ1 லெக்டின்னு ஒரு குட்டி பாட்டில் தெரிஞ்சிருக்கும், ஏ1 ரத்தத்தையும் ஏ2 ரத்தத்தையும் பிரிச்சு பார்க்க ஒரு சொட்டு விடுவாங்க, ஏ1-ஆ இருந்தா பால் திரிஞ்ச மாதிரி கட்டி கட்டியா ஆயிடும். அந்த பாட்டில்ல இருக்கறது நம்ம வீட்டுல ரசம் வெக்கிற கொள்ளுல இருந்து எடுத்த புரதம். 1951-ல பேர்டுன்னு ஒருத்தர் கரண்ட் சயின்ஸ் இதழ்ல இத எழுதினாரு, இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா அதத்தான் யூஸ் பண்றாங்க. ரத்த செல்லோட மேல்தோல்ல இருக்கற ஒரு சர்க்கரைய கொள்ளு புரதம் தேடிப்போய் புடிக்குது, அவ்ளோதான் விஷயம். பாக்டீரியாவோட மேல்தோலும் சர்க்கரையாலதான் மூடியிருக்கு, அதனால அதே வேலைய பாக்டீரியா மேலயும் செய்யலாம்.

இந்த டெக்னிக்க புதுசா கத்துக்கறவங்க பண்ணுற ஒரே பெரிய தப்பு என்னன்னா, கட்டி வந்துச்சா, சரி பாசிட்டிவ், முடிஞ்சுதுன்னு நோட்ல எழுதிடறாங்க. லெக்டின் பாக்டீரியாவோட பேர படிக்காது, சர்க்கரையத்தான் படிக்கும். நீங்க பார்த்த கட்டி அந்த சர்க்கரையாலதான் வந்துச்சுன்னு நிரூபிக்காத வரைக்கும் அது ரிசல்ட்டே இல்ல. கீழ சொல்ற எல்லா ஸ்டெப்பும் அந்த ஒரு நிரூபணத்துக்காகத்தான், அத மனசுல வெச்சுகிட்டே படிங்க.

லெக்டின்னா என்ன, எது எத புடிக்கும்

லெக்டின்ங்கறது சர்க்கரைய புடிக்கற புரதம், ஆனா என்சைம் மாதிரி சர்க்கரைய வெட்டாது, ஆன்டிபாடியும் கிடையாது. 1888-ல டோர்பாட் பல்கலைக்கழகத்துல, இன்னிக்கு அந்த ஊர் எஸ்டோனியாவுல டார்ட்டுன்னு இருக்கு, ஸ்டில்மார்க்னு ஒரு மாணவர் ஆமணக்கு விதை சாறு ரத்த செல்ல கட்டியாக்குதுன்னு தன்னோட ஆய்வேட்டுல எழுதினதுலதான் இந்த துறையே ஆரம்பிக்குது. 1919-ல சம்னர் வாளவரை இனத்து விதையில இருந்து கான்கனவாலின்-ஏ புரதத்த படிகமா எடுத்தாரு, 1936-ல அவரும் ஹோவலும் சேர்ந்து அந்த புரதம் செல்லுங்கள கட்டியாக்குது, சுக்ரோஸ் போட்டா கட்டி வராம நின்னுடுதுன்னு காட்டினாங்க. சர்க்கரை போட்டா நின்னுடுதுங்கற அந்த ஒரு வரிதான் நம்ம கன்ட்ரோலுக்கு அடிப்படை, கிட்டத்தட்ட 90 வருஷம் ஆச்சு, இன்னும் அதேதான். லெக்டின்ங்கற பேர 1954-ல பாய்டு வெச்சாரு, பொறுக்கி எடுக்கறதுன்னு அர்த்தம் வர்ற லத்தீன் சொல்லுல இருந்து.

ஆரம்பத்துல ரெண்டு மூணு லெக்டின் போதும், பத்து வாங்கி வெச்சு குழம்ப வேண்டாம். மேல சொன்ன கான்கனவாலின்-ஏ வாங்குங்க, சுருக்கமா கான்-ஏ, அது மேன்னோஸ், குளுக்கோஸ் ரெண்டையும் ஆல்ஃபா வடிவத்துல இருந்தா புடிக்கும். அடுத்தது கோதுமை முளைக்கருவுல இருந்து வர்ற டபிள்யூஜிஏ, அது என்-அசிட்டைல் குளுக்கோசமைன புடிக்கும், லேப்ல சுருக்கமா குளுக்நாக்னு சொல்லுவாங்க, சியாலிக் அமிலத்தையும் கொஞ்சம் புடிக்கும். மூணாவதா சோயா லெக்டின் எஸ்பிஏ, அது என்-அசிட்டைல் கேலக்டோசமைன், கேலக்டோஸ் பக்கம். வேர்க்கடலை லெக்டினும் பலாப்பழ விதையில இருந்து வர்ற ஜாக்கலினும் கேலக்டோஸ் குடும்பம்தான், அந்த ரெண்டோட முப்பரிமாண அமைப்பையும் 1990-கள்ல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல விஜயன், சுரோலியா குழுக்கள்தான் கண்டுபிடிச்சாங்க. ஊட்டி பக்கம் மலை பூரா மஞ்சளா பூத்து புல்வெளிய தின்னுகிட்டு இருக்கற முள்புதர் யூலெக்ஸ் இருக்கே, அதோட விதையில இருந்து வர்றதுதான் ப்ளட் பேங்க்ல ஆன்டி-எச் லெக்டின். சுத்தி முத்தி பார்த்தா நம்மள சுத்தியே லெக்டின்தான்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிடறேன். விதைய ஊறவெச்சு அரைச்சு நானே லெக்டின் எடுக்கறேன்னு ஆமணக்கு, குன்றிமணி பக்கம் போகவே போகாதீங்க, ரெண்டுலயும் இருக்கறது உயிர எடுக்கற விஷம், அதுல பாக்டீரியா வேலைக்கு எந்த தேவையும் கிடையாது. ராஜ்மாவ பச்சையா சாப்பிட்டா வாந்தி வர்ற அளவுக்கு அதுல லெக்டின் இருக்கு, அதனாலதான் அத நல்லா கொதிக்க வெச்சு சாப்பிடறோம். சுத்தம் பண்ணி காய வெச்ச பவுடரா கம்பெனில வாங்குங்க, லாட் நம்பரோட வரும், பவுடர் எடை போடும்போது மாஸ்க்கும் கிளவுஸும் போட்டுக்கங்க.

எந்த பாக்டீரியாவுல ஆரம்பிக்கறது

நோய்க்கிருமியில ஆரம்பிக்காதீங்க. கை பழகற வரைக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் 168-ம் ஈ. கோலை கே-12-ம் போதும், ரெண்டும் பயிற்சி லேப்ல வெச்சுக்கற அளவுக்கு பாதுகாப்பானது. சப்டிலிஸ் 168-ஐ நான் வேணும்னே சொல்றேன், அதோட செல் சுவர்ல டைக்கோயிக் அமிலம்னு ஒரு நீள சங்கிலி இருக்கு, அதுல ஆல்ஃபா குளுக்கோஸ் தொங்கும், கான்-ஏ அத வந்து புடிக்கும். 1972-ல டாயிலும் பேர்ட்செல்லும் இத பத்தி எழுதினாங்க. அதே சப்டிலிஸ்ல டபிள்யூ23-ன்னு ஒரு ஸ்ட்ரெயின் இருக்கு, அதுல குளுக்கோஸ் பீட்டா வடிவத்துல தொங்குது, கான்-ஏவுக்கு பீட்டா ஆகாது. ஒரே இனம், ஒரே பேரு, சர்க்கரை மட்டும் வேற. லெக்டின் பேர படிக்காதுன்னு மேல சொன்னேன்ல, அதுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்கு தெரியாது.

நோய்க்கிருமில நிஜமா இது உபயோகப்பட்டிருக்கான்னு கேட்டா, உண்டு. 1979-ல ஷேஃபர், கெல்லர், டாயில் மூணு பேரும் கொனோரியா கிருமிய லேப்ல அடையாளம் காண டபிள்யூஜிஏவ யூஸ் பண்ணி எழுதினாங்க, அந்த கிருமியோட வெளிச்சவ்வுல குளுக்நாக் இருக்கு. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸோட டைக்கோயிக் அமிலத்துலயும் குளுக்நாக்தான் தொங்குது. ஸ்டாஃப்ல ஆன்டிபாடி வெச்சு வேலை பண்ணவங்களுக்கு ஒரு தலைவலி தெரியும், அதோட புரோட்டீன்-ஏ பெரும்பாலான ஆன்டிபாடியோட வால புடிச்சுக்கும், அது எதுக்கான ஆன்டிபாடின்னுகூட பார்க்காது. லெக்டினுக்கு அந்த வால் இல்ல, அதனால அந்த தொல்லையும் இல்ல. விலையும் ஆன்டிபாடிய விட குறைவு, விலங்கு தேவையில்ல, காய்ஞ்ச பவுடரா ரொம்ப நாள் நிக்கும். சின்ன லேப்புக்கு இது நல்ல கருவின்னு நான் நம்புறதுக்கு காரணம் இதெல்லாம்தான்.

கை பழகினப்புறம் நோய்க்கிருமிக்கு போறீங்கன்னா அது லெவல் 2 லேப், பயோசேஃப்டி கேபினட், மேற்பார்வைக்கு அனுபவம் உள்ளவங்க, இது மூணும் இல்லாம தொடாதீங்க. சென்ட்ரிஃப்யூஜும் வோர்டெக்ஸும் கண்ணுக்கு தெரியாத துளிய காத்துல பறக்க விடும், மூடி போட்ட ரோட்டர்தான் வெக்கணும், சுத்தி முடிஞ்ச உடனே திறக்காம கொஞ்ச நேரம் விட்டு கேபினட்டுக்குள்ள திறக்கணும். கேபினட்டும் மேற்பார்வையும் அமையலன்னா சப்டிலிஸ், ஈ. கோலையோடவே நில்லுங்க, கத்துக்கறதுக்கு அதுவே தாராளம்.

பஃபர்: பாதி பேர் இங்கதான் மாட்டறாங்க

கான்-ஏவுக்கு கால்சியமும் மாங்கனீஸும் வேணும், அது ரெண்டும் உள்ள உக்காந்தாதான் சர்க்கரைய புடிக்கற இடம் சரியா அமையும். லேப்ல எல்லாரும் கைக்கு கெடைக்கற பிபிஎஸ்ஸ, அதாவது பாஸ்ஃபேட் பஃபர, எடுத்து கால்சியம் குளோரைடு போடுவாங்க, பாஸ்ஃபேட்டும் கால்சியமும் சேர்ந்து வெள்ளையா கலங்கிடும், அத பார்த்து பாக்டீரியா கட்டி கட்டிடுச்சுன்னு சந்தோஷமும் படுவாங்க. நான் சேர்ந்த புதுசுல மூணு நாள் இப்படி போச்சு, கடைசில பாக்டீரியாவே போடாத குழியிலயும் கலங்கல் இருந்தத பார்த்துதான் புரிஞ்சுது. அதனால ஹெப்பஸ் 10 மில்லிமோலார், உப்பு 150 மில்லிமோலார், கால்சியம் குளோரைடு 1 மில்லிமோலார், மாங்கனீஸ் குளோரைடு 0.1 மில்லிமோலார், பிஹெச் 7.4, இத 500 மில்லி போட்டு ஃபில்டர் பண்ணி வெச்சுக்கங்க. ஹெப்பஸ் இல்லன்னா டிரிஸ் போதும், ஆனா பிஹெச் ரொம்ப மேல ஏத்தினா மாங்கனீஸ் பழுப்பா படிய ஆரம்பிக்கும். பிஹெச் ரொம்ப கீழ போனாலும் சரிவராது, நடுநிலையிலயும் அதுக்கு மேலயும் கான்-ஏ நாலு துண்டா சேர்ந்து நிக்கும், அமிலம் ஏறினா ரெண்டா பிரிஞ்சுடும், கை குறைஞ்சா ரெண்டு செல்ல சேர்த்து புடிக்கற பலமும் குறையும். ஈடிடிஏ இருக்கற எந்த பஃபரும் கான்-ஏ கிட்ட வரக்கூடாது, உலோகத்த உருவி எடுத்துடும்.

டபிள்யூஜிஏவுக்கு உலோகம் தேவையில்ல, அதுக்கு பிபிஎஸ் தாராளமா போதும். ஆனா அது நடுநிலை பிஹெச்ல பாசிட்டிவ் சார்ஜோட இருக்கற புரதம், பாக்டீரியா மேல்தோல் நெகட்டிவ், உப்பு குறைஞ்சா சர்க்கரை இல்லாமலே ஒட்டிக்கும். 150 மில்லிமோலார் உப்ப குறைக்காதீங்க.

லெக்டின் ஸ்டாக் 1 மில்லிக்கு 1 மில்லிகிராம் கணக்குல கரைச்சுக்கங்க, வேகமா வோர்டெக்ஸ் பண்ணாம மெதுவா சாய்ச்சு சாய்ச்சு கரைக்கணும், நுரை வந்தா புரதம் கெடும். 100 மைக்ரோலிட்டரா பிரிச்சு மைனஸ் 20-ல வெச்சுட்டு ஒவ்வொரு நாளைக்கு ஒரு ட்யூப் எடுங்க, திரும்ப திரும்ப உருக்கி உறைய வெக்காதீங்க. யூஸ் பண்றதுக்கு முன்னாடி 5 நிமிஷம் வேகமா சுத்தி மேல இருக்கறத மட்டும் எடுங்க, ஏற்கனவே திரண்ட லெக்டின் துகள் கீழ போயிடும்.

லெக்டின் உயிரோட இருக்கான்னு பேக்கரி ஈஸ்ட் வெச்சு பார்க்கறது

பாக்டீரியா போடறதுக்கு முன்னாடி இத செய்ங்க. கடையில கெடைக்கற காய்ஞ்ச ஈஸ்ட்ட வெதுவெதுப்பான தண்ணில கலக்கி, பஃபர்ல மூணு தடவை கழுவி, 100-க்கு 1 பங்கு அளவுல லேசான கலங்கலா வெச்சுக்கங்க. ஈஸ்ட்டோட சுவர்ல வெளிப்பக்கம் பூரா மேன்னோஸ், கான்-ஏவுக்கு விருந்து. ஸ்லைடுல ஒரு சொட்டு ஈஸ்ட், ஒரு சொட்டு கான்-ஏ, ஆட்டினா சில நிமிஷத்துல கட்டி தெரியணும். பக்கத்துல பஃபர் மட்டும் விட்ட சொட்டு அப்படியே கலங்கலா இருக்கணும், இது ரொம்ப முக்கியம், ஏன்னா சில ஈஸ்ட் ஸ்ட்ரெயின் கால்சியம் பட்டாலே தானா கொத்து கட்டும். அப்படி பண்ணுற ஈஸ்ட்ட தூக்கி போட்டுட்டு வேற பாக்கெட் வாங்குங்க. இதுல கட்டி வரலன்னா லெக்டின் செத்துடுச்சு, இல்ல பஃபர் தப்பு, மேற்கொண்டு போகாம அங்கயே நில்லுங்க.

வளர்க்கறது, கழுவறது

ராத்திரி வளர்த்த கல்ச்சர்ல இருந்து காலைல புது மீடியத்துல 50-க்கு 1 போட்டு, 37 டிகிரில ஆட்டி ஆட்டி வளர்த்து, ஓடி 600, அதாவது கலங்கல காட்டற அளவு, ஒண்ணு கிட்ட வந்ததும் எடுங்க. ஈ. கோலைக்கு ஓடி 1-னா மில்லிக்கு கிட்டத்தட்ட 80 கோடி செல். சப்டிலிஸ் வேகமா வளர்ற கட்டத்துல சங்கிலி சங்கிலியா இருக்கும், மைக்ரோஸ்கோப்ல ஒரு தடவை பார்த்துடுங்க, நீள சங்கிலிய கண்ணால பார்த்தா கட்டி மாதிரியே தெரியும், அப்படி இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் வளர விட்டு சங்கிலி பிரிஞ்சப்புறம் எடுக்கறது நல்லது, ரொம்ப விட்டா ஸ்போர் போட ஆரம்பிக்கும்.

கழுவறதுதான் இந்த முழு வேலையிலயும் அலட்சியமா செய்யற இடம். எல்பி, டிஎஸ்பி மாதிரி மீடியத்துல ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்டோ குளுக்கோஸோ ஏதாவது ஒண்ணு இருக்கும், எல்பில ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், டிஎஸ்பில குளுக்கோஸ். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்ல ஈஸ்ட்டோட மேன்னோஸ் சங்கிலி இருக்கும். ரெண்டுமே கான்-ஏவ முதல்ல போய் அடைச்சுடும், பாக்டீரியாவுக்கு லெக்டின் மிஞ்சாது, நீங்க நெகட்டிவ்னு எழுதிடுவீங்க. அதனால 3000 ஜி-ல 10 நிமிஷம் சுத்தி, மேல இருக்கற தண்ணிய முழுசா எடுத்துட்டு, பஃபர்ல மெதுவா பைப்பெட்டால கலக்கி, திரும்ப சுத்தி, இப்படி மூணு தடவை. ஒரு தடவை போதும்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. சப்டிலிஸ கழுவினப்புறம் ஐஸ்ல வெச்சுக்கங்க, ரூம் டெம்பரேச்சர்ல விட்டா அதோட சொந்த என்சைமே அதோட சுவர கரைச்சுடும், கொழகொழன்னு நூலா வரும்.

ஸ்லைடு டெஸ்ட்

இது 5 நிமிஷ வேலை, ஆனா மூணு சொட்டு இல்லாம செய்யாதீங்க. கழுவி சுத்தினப்புறம் அடியில படிஞ்ச செல்ல, அதாவது பெல்லட்ட, கொஞ்சமா பஃபர்ல கரைச்சு பால் மாதிரி கெட்டியா வெச்சுகிட்டு, ஒரு ஸ்லைடுல மூணு இடத்துல 20 மைக்ரோலிட்டர் விடுங்க. முதல் சொட்டுக்கு வெறும் பஃபர் 20 மைக்ரோலிட்டர். ரெண்டாவதுக்கு மில்லிக்கு 200 மைக்ரோகிராம் கான்-ஏ. மூணாவதுக்கு அதே கான்-ஏ, ஆனா அரை மணி நேரம் முன்னாடியே கான்-ஏ புடிக்கற சர்க்கரையான மெத்தில் ஆல்ஃபா மேன்னோசைடு 0.2 மோலார்ல சேர்த்து வெச்சது. ஸ்லைட கையில வெச்சு மெதுவா சாய்ச்சு சாய்ச்சு 2 நிமிஷம், கருப்பு பேப்பர் மேல புடிச்சு பாருங்க.

பஃபர் சொட்டுலயே கட்டி வந்தா அந்த ஸ்ட்ரெயின் தானா ஒட்டிக்கற ரகம், அன்னிக்கு அதுக்கு ரிசல்ட் கிடையாது, பாசிட்டிவும் இல்ல நெகட்டிவும் இல்ல, அப்படியே எழுதுங்க. ரெண்டாவதுல கட்டி வந்து மூணாவதுல வரலன்னா நல்ல சேதி, பிளேட்டுக்கு போகலாம். ரெண்டுலயும் வந்தா அது சர்க்கரையால வந்த கட்டின்னு சொல்ல முடியாது.

பிளேட்ல அளந்து பார்க்கறது

யு வடிவ அடி உள்ள 96 குழி பிளேட் எடுத்துக்கங்க. 2-வது குழில இருந்து 12 வரைக்கும் 50 மைக்ரோலிட்டர் பஃபர். முதல் குழில மில்லிக்கு 100 மைக்ரோகிராம் லெக்டின் 100 மைக்ரோலிட்டர். அதுல இருந்து 50 எடுத்து ரெண்டாவதுல கலக்கி, அதுல இருந்து 50 மூணாவதுக்கு, இப்படியே 11 வரைக்கும் போய் கடைசி 50-ஐ வெளிய போட்டுடுங்க, 12 வெறும் பஃபர். ஒவ்வொரு குழிக்கும் டிப் மாத்துங்க. அப்புறம் எல்லா குழிலயும் ஓடி 1 அளவு பாக்டீரியா 50 மைக்ரோலிட்டர். இப்ப லெக்டின் அளவு திரும்ப பாதியாயிடுச்சு, முதல் குழில 50 மைக்ரோகிராம், அஞ்சாவதுல 3 கிட்ட, இந்த பாதியாகறத மறந்துட்டு எழுதறவங்க நிறைய பேர்.

மூடி போட்டு ஆடாம 2 மணி நேரம் வெளிய, அப்புறம் ராத்திரி ஃபிரிட்ஜ்ல. காலைல கீழ கருப்பு துணி வெச்சு பாருங்க. கட்டி கட்டாத செல் எல்லாம் உருண்டு அடியில ஒரு பொட்டா, பட்டன் மாதிரி உக்காரும். கட்டி கட்டினது குழி முழுக்க விரிப்பு மாதிரி பரவி நிக்கும். பட்டன்தான் நெகட்டிவ், விரிப்புதான் பாசிட்டிவ், புதுசா வர்றவங்க தலைகீழா படிக்கறது இங்க சகஜம். சில சமயம் லெக்டின் அதிகமா இருக்கற முதல் ரெண்டு குழில பட்டனும் அதுக்கப்புறம் விரிப்பும் வரும், ஏன்னா லெக்டின் ரொம்ப அதிகமா இருந்தா ஒவ்வொரு செல்லும் தனித்தனியா மூடிக்கும், பாலம் போட வழியில்லாம போயிடும். ஒரே ஒரு அளவுல மட்டும் பார்த்துட்டு நெகட்டிவ்னு சொல்லக்கூடாதுங்கறது இதனாலதான்.

எது எந்த குழின்னு தெரியாத இன்னொருத்தர பிளேட்ட படிக்க சொல்லுங்க, நம்ம கண்ணு நாம எதிர்பார்க்கறதத்தான் பார்க்கும்.

சர்க்கரை கன்ட்ரோல்: இதுதான் உயிர்

விரிப்பு கடைசியா தெரிஞ்ச குழியோட அளவ எடுத்துக்கங்க, உதாரணத்துக்கு 3 மைக்ரோகிராம்னு வெச்சுக்கலாம். அதோட நாலு மடங்கு 12, அந்த அளவுலதான் சர்க்கரைய சோதிக்கணும், 50-ல சோதிச்சா சர்க்கரை தோத்துடலாம். 48 மைக்ரோகிராம் ஸ்டாக்குல 25 மைக்ரோலிட்டர், 0.4 மோலார் சர்க்கரையில 25, அரை மணி நேரம் விட்டு, பாக்டீரியா 50. கணக்கு போட்டா லெக்டின் 12, சர்க்கரை 0.1 மோலார் வரும்.

கான்-ஏவுக்கு ஒரு வரிசை மெத்தில் ஆல்ஃபா மேன்னோசைடு, பக்கத்து வரிசை கேலக்டோஸ், அதே மோலார் அளவுல. கேலக்டோஸ் கான்-ஏவுக்கு ஆகாத சர்க்கரை, அதுல கட்டி நிக்கணும், மேன்னோசைடுல போகணும். ஆகாத சர்க்கரை வரிசைய விட்டுட்டீங்கன்னா, கட்டி போனது சர்க்கரை போட்டியாலயா இல்ல சும்மா தண்ணி கெட்டியானதாலயான்னு சொல்ல முடியாது. டபிள்யூஜிஏவுக்கு குளுக்நாக் போடணும், ஆனா தனி குளுக்நாக்க அது பலமா புடிக்காது, 0.1 மோலார்ல போகலன்னா இன்னும் ஏத்திப் பாருங்க, மூணு குளுக்நாக் சேர்ந்த கைட்டோட்ரையோஸ் கெடைச்சா அது ரொம்ப குறைஞ்ச அளவுலயே வேலை செய்யும்.

இங்க ஒரு பொறி இருக்கு, அனுபவம் உள்ளவங்களே இதுல விழுந்திருக்காங்க. லெக்டின் செடிகிட்ட மட்டும் இல்ல, பாக்டீரியாகிட்டயும் உண்டு. ஈ. கோலைக்கு டைப் 1 ஃபிம்ப்ரியேன்னு முடி மாதிரி இருக்கும், அதோட நுனியில ஃபிம்ஹெச்னு ஒரு புரதம், அது மேன்னோஸ புடிக்கும். சோயா லெக்டின் மேலயே மேன்னோஸ் நிறைஞ்ச சர்க்கரை கிளை ஒண்ணு ஒட்டியிருக்கு. அப்போ நீங்க சோயா லெக்டின ஈ. கோலைல போட்டு கட்டி வந்தா, லெக்டின் பாக்டீரியாவ புடிச்சுதா, பாக்டீரியா லெக்டின புடிச்சுதா? கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். என்-அசிட்டைல் கேலக்டோசமைன் போட்டா கட்டி போகாம, மேன்னோஸ் போட்டா போயிடுதுன்னா தலைகீழா நடக்குதுன்னு அர்த்தம். ரெண்டு சர்க்கரையையும் போட்டு பார்த்தவங்களுக்குத்தான் இது தெரியவே வரும்.

ஒளிர்ற டபிள்யூஜிஏ

ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் இருந்தா இத பண்ணி பாருங்க, ரொம்ப அழகா இருக்கும். 1990-ல சைஸ்மோரும் கூட்டாளிகளும், பாக்டீரியாவ கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ்னு ரெண்டா பிரிக்கற கிராம் ஸ்டெயினுக்கு மாற்றா பச்சை சாயம் ஒட்டின டபிள்யூஜிஏவ எழுதினாங்க. கிராம் பாசிட்டிவ் செல்லோட சுவர்ல குளுக்நாக் வெளிய தெரியும்படி இருக்கு, கிராம் நெகட்டிவ்ல அத வெளிச்சவ்வு மூடிடுது. கழுவின சப்டிலிஸையும் ஈ. கோலையையும் ஒரே ட்யூப்ல கலந்து, மில்லிக்கு 20 மைக்ரோகிராம் அளவுல சாயம் போட்ட டபிள்யூஜிஏ, 20 நிமிஷம் இருட்டுல, ரெண்டு தடவை கழுவி ஸ்லைடுல பாருங்க. சப்டிலிஸ் பச்சையா மின்னும், ஈ. கோலை சாதா வெளிச்சத்துல மட்டும் தெரியும். இதுலயும் குளுக்நாக் சேர்த்த ஒரு ட்யூப் கூடவே ஓடணும். செத்து சவ்வு கிழிஞ்ச ஈ. கோலை பச்சையா தெரியும், அதனால பழைய கல்ச்சர எடுக்காதீங்க, ஈடிடிஏவும் சவ்வ கிழிக்கும்.

பின்னணி வெளிச்சம் அதிகமா இருக்குன்னு பிளாக் பண்ண பால் பவுடர் போடறது ஆன்டிபாடி ஆளுங்களோட பழக்கம். லெக்டினுக்கு அது ஆகாது, பால்ல லாக்டோஸும் சர்க்கரை ஒட்டின புரதமும் இருக்கு, சீரம்ல அதவிட அதிகம். சுத்தமான அல்புமின் போடுங்க, அதுலயும் சர்க்கரை புரதம் கலந்திருக்கலாம்ங்கறதால புது லாட் வந்தா ஒரு தடவை சோதிச்சுக்கங்க.

எதுக்கு இத நம்பலாம், எதுக்கு கூடாது

சளி, ரத்தம், சிறுநீர்னு நேரா சாம்பிள்ல லெக்டின விடாதீங்க, நம்ம உடம்பு செல்லும் சளியும் சர்க்கரையால நிறைஞ்சது, லெக்டின் அங்கயே தீர்ந்துடும். சுத்தமா பிரிச்சு வளர்த்த காலனில இருந்துதான் செய்யணும். அதுவும் தனியா நோய் பேர் சொல்ற சோதனை கிடையாது, உயிர்வேதி சோதனை, பிசிஆர், புரத எடைய வெச்சு கிருமிய கண்டுபுடிக்கற மால்டி மாதிரி ஒண்ணோட சேர்த்து படிக்கணும், நோயாளிக்கு மருந்து முடிவு பண்ற ரிப்போர்ட்ல லெக்டின் மட்டும் நிக்கவே கூடாது. ஒரே லெக்டின் பல கிருமிய புடிக்கும், அதனாலதான் பல லெக்டின வரிசையா ஒட்டி, எது எது ஒளிருதுங்கற பேட்டர்ன படிக்கற லெக்டின் அரே வந்துச்சு, 2006-ல மஹால் குழு அத பாக்டீரியாவுக்கு செஞ்சு காட்டினாங்க.

இன்னொண்ணு, பாக்டீரியா தன் சர்க்கரைய மாத்திக்கும். சப்டிலிஸ் 168-க்கு பாஸ்ஃபேட் கொடுக்காம பட்டினி போட்டா டைக்கோயிக் அமிலத்த விட்டுட்டு பாஸ்ஃபேட் இல்லாத வேற சங்கிலிய கட்டிக்கும், கான்-ஏ ஒட்டறது போயிடும். கேப்சூல்னு வெளி உறை போட்ட கிருமில அடியில இருக்கற சர்க்கரை மறைஞ்சுடும். போன வாரம் பாசிட்டிவ் இந்த வாரம் நெகட்டிவ்னு வந்தா லெக்டின திட்டறதுக்கு முன்னாடி மீடியம் பாட்டில பாருங்க.

அதனால நோட்ல எழுதும்போது ஸ்ட்ரெயின் பேர், மீடியம், எத்தனை மணி நேரம் வளர்த்தது, எத்தனை தடவை கழுவினது, லெக்டின் லாட் நம்பர், பஃபர் போட்ட தேதி எல்லாம் வேணும், ரிசல்ட் வரி இப்படி இருக்கணும்: கான்-ஏ, குறைஞ்ச அளவு 3 மைக்ரோகிராம், மேன்னோசைடு 0.1 மோலார்ல கட்டி போயிடுது, கேலக்டோஸ்ல போகல, பஃபர் கன்ட்ரோல் சுத்தம். எழுதி முடிச்சிட்டு பிளேட்டையும் ஸ்லைடையும் பிளீச்ல ஊறவெச்சு வெச்சுடுங்க, கல்ச்சர் ட்யூப் எல்லாம் 121 டிகிரில 20 நிமிஷம் ஆட்டோகிளேவ், பிளீச்ல ஊறினத ஆட்டோகிளேவ்ல வெக்காதீங்க, குளோரின் வாயு வரும்.